பெட்டி பழையது, மருந்து வேறு

சிறுவாச்சூர்
26-10-83, புதன்கிழமை

அன்பு மகன் செல்லக்கண்ணுவுக்கு அப்பா உத்திராபதி ஆசி கூறி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும், தீபாவளிக்கு முன்கூட்டியே அரியலூரிலிருந்து வந்திருக்கும் உன் தங்கை சிந்தாமணியும் அம்மன் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். மற்ற கடிதங்களில் உன் சுகத்தைக் கடைசியில் கேட்பேன், இந்த முறை முதலிலேயே கேட்கிறேன். இதை மேலே படிக்கும் முன் உன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, கதண்டுக் குளவியோ தேனீயோ கொட்டினால் போட்டுக்கொள்ள நான் கொடுத்தனுப்பினேனே, அந்த ஊசி மருந்துப் பெட்டியை வெளியே எடு. மேலே அட்ரினலின் என்றுதான் அச்சடித்திருக்கும், நம் அம்மன் குங்குமமும் இருக்கும். உள்ளே இருக்கிற நான்கு கண்ணாடிக் குப்பிகளும் அந்த மருந்து இல்லை. வேறு மருந்து. அதை நம்பி நீ ஓர் இடத்திலும் நிற்கக் கூடாது. திங்கட்கிழமை இதே விஷயத்தைத் தந்தியாக அடித்திருக்கிறேன், கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

போன கடிதத்தில் நீ எழுதியிருந்ததை உன் அம்மா என்னை ஐந்து தடவை படிக்கச் சொல்லிவிட்டாள். எல்லையில் நீங்கள் புதிதாக ரோடு வெட்டும் இடத்தில் பாறையிலே ஆள் உயரத்துக்குத் தேனடை தொங்குகிறது, வெடி வைத்தால் கிளம்பிவிடும் என்று மற்ற ஆட்கள் பயப்படுகிறார்கள், எனக்கு என்ன பயம், என்னிடம்தான் ஊசி இருக்கிறதே என்று எழுதியிருந்தாய். முதல் தடவை படித்தபோது என் பிள்ளை தைரியசாலி என்று நானும் மீசையைத் தடவிக்கொண்டேன். இப்போது அந்த வரி வந்தால் படிக்காமல் தாண்டிவிடுகிறேன். உங்கள் கேம்ப்பில் காய்ச்சலுக்கும் காயத்துக்கும்தான் மருந்து, ஆஸ்பத்திரிக்கு மலையை விட்டு நாற்பது மைல் இறங்க வேண்டும் என்றும் நீதான் எழுதியிருக்கிறாய்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிந்தாமணி ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறேன் என்று தொரட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனாள். கல்யாணம் ஆகியும் அவளுக்கு அந்த ஆட்டுப் பைத்தியம் விடவில்லை. வேலமரத்துக் கிளையை இழுத்ததும் உள்ளே கதண்டுக் கூடு இருந்திருக்கிறது. மூன்று கொட்டு, பிடரியில் இரண்டு, கையில் ஒன்று. வீட்டுக்கு ஓடி வந்தவள் முகத்தைப் பார்த்ததும் உன்னைப் பதினேழாவது வயசில் கதண்டு கொட்டியது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதே மாதிரி உதடு தடித்து, கண் மூடி, உடம்பெல்லாம் தடிப்பு. தொண்டையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு உள்ளே போக மாட்டேங்குது என்று சைகை காட்டினாள். உனக்கு ஆகாதது அவளுக்கும் ஆகாது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் பதறவில்லை, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. உனக்கு வாங்கியபோது இரண்டு குப்பி வீட்டுக்கும் வாங்கியிருந்தேன் அல்லவா, நீ லீவில் வந்தால் உதவும் என்று. தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில், ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் பஞ்சு வைத்துச் சுற்றி, கதண்டு ஊசி என்று என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு, சிந்தாமணியைக் கைத்தாங்கலாகப் பிடித்து, நாலு வீடு தள்ளி இருக்கும் கம்பவுண்டர் அங்கமுத்துவிடம் ராஜா மாதிரி போனேன்.

அவர் ஊசியைக் கொதிக்கப் போட்டுவிட்டுப் பஞ்சைப் பிரித்தார். குப்பியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், ஜன்னலோரம் போய்ப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அய்யா, இது அது இல்லிங்களே. இது தடிப்பு அரிப்புக்குப் போடறது. போட்டா அரிப்பு அடங்கும், மூச்ச இது தொறக்காதுங்க" என்றார். போட்டும் விட்டார், ஒன்றும் இல்லாததற்கு அதாவது இருக்கட்டும் என்று. போட்ட கையோடு, ஒரு நிமிஷம் நிற்காமல் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்று எங்களை வெளியே தள்ளிவிட்டார்.

அந்த நேரத்தில் நம் ஊரில் நிற்கிற பஸ் எதுவும் கிடையாது. திருச்சியிலிருந்து மெட்ராஸ் போகிற எக்ஸ்பிரஸ் ஒன்று வந்தது. முப்பது வருஷம் செக்கிங் இன்ஸ்பெக்டராக நடுரோட்டில் நின்று கையைக் காட்டியவன், அன்றைக்கும் அதே மாதிரி நின்றேன், வேட்டி மட்டும்தான் வித்தியாசம். டிரைவர் ஏசிக்கொண்டே நிறுத்தினார். சிந்தாமணியின் முகத்தைப் பார்த்ததும் ஏசுவதை விட்டுவிட்டு, பெரம்பலூர் ஸ்டாண்டுக்குள் கூடப் போகாமல் நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். வழியெல்லாம் உன் அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டு, மூச்ச விடு கண்ணு, மூச்ச விடு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி வழி தாண்டியபோது சிந்தாமணியின் நகக்கண்ணெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. நான் பார்த்தேன், உன் அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்த லேடி டாக்டர் பார்த்த மாத்திரத்தில் அட்ரினலினை எடுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. சீறிக்கொண்டிருந்த மூச்சு மெல்ல மெல்லச் சமனாகி, அவள் முதலில் கேட்டது ஆட்டைக் கட்டினீர்களா என்றுதான். அதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன், சொல்வதற்கு என்ன. கம்பவுண்டர் அங்கமுத்து கொடுத்தனுப்பிய காலிக் குப்பியை டாக்டர் வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்தார் பார், என் சர்வீஸில் எந்த முதலாளியும் என்னை அப்படிப் பேசியதில்லை. கொட்டினால் போடுவது என்றால் எல்லாம் ஒன்றா, கடையில் இல்லை என்றால் எங்களிடம் வந்து கேட்க உங்களுக்கு வாய் இல்லையா என்றார். இன்னொரு பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் பிணத்தைத்தான் எடுத்துப் போயிருப்பீர்கள் என்றும் சொன்னார். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உன் அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "புள்ள பெட்டியில இருக்கறதும் இதுதானா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் ஒரு வாய் சோறு ஒழுங்காகத் தின்னவில்லை.

மறுநாள் காலை தந்தி ஆபீஸ் திறக்கும்போதே நான் வாசலில் நின்றேன். அங்கே இருப்பவர் வழக்கம்போல வார்த்தையைக் குறைக்கப் பார்த்தார், ஊசி போடாதே என்று அடித்தால் போதாதா என்றார். ஊசியே வேண்டாம் என்று என் பிள்ளை புரிந்துகொண்டால் என்ன செய்வது என்று நான் சத்தம் போட்டு, பெட்டியில் இருப்பது சரியான மருந்து இல்லை, ஆஸ்பத்திரியில் அட்ரினலின் வாங்கு, அதுவரை தேனீ இருக்கும் இடத்துக்குப் போகாதே என்று முழுசாக அடிக்க வைத்தேன். அது உங்கள் பட்டாளத் தபால் நம்பருக்குப் போய், அங்கிருந்து ரேஷன் லாரியில் மலை ஏறித்தான் உன் கைக்கு வரும் என்கிறார்கள். தந்தி முந்துமோ கடிதம் முந்துமோ, இரண்டுக்கும் முன்னால் பாறையில் வெடி முந்துமோ என்று உட்கார்ந்தால் எழுந்தால் இதே நினைப்பு.

நேற்று மருந்துக் கடைக்குப் போனேன். உனக்குத் தெரிந்த வேணுகோபால்தான், பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கிறானே, அவன். கடையில் பத்துப் பேர் நின்றார்கள். என் பெண்ணைக் கொல்லப் பார்த்தாயே, என் பிள்ளை மலை உச்சியில் உன் குப்பையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தூங்குகிறானே, நீ எல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்டேன். கேட்க வேண்டியது, கேட்கக் கூடாதது எல்லாம் கேட்டேன். நின்றவர்கள் எல்லாம் என் பக்கம்தான் பேசினார்கள். ஒருத்தர், இவன் மேல் புகார் எழுதிக் கொடுங்கள், நான் சாட்சி சொல்கிறேன் என்றார். உன் மச்சானும் அரியலூரிலிருந்து வந்து, மாமா நீங்கள் கையெழுத்துப் போடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நிற்கிறார். வேணுகோபால் "அன்னிக்கே சொன்னேனுங்களே சார்" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். பொய் பேசாதே என்று நான் மேஜையைத் தட்டினேன்.

சரி, நீ செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். லேடி டாக்டர் மருந்தின் பெயரையும் அளவையும் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். அதை உங்கள் கேம்ப்பில் இருக்கும் மலையாளத்துக் கம்பவுண்டரிடம் காட்டு. குப்பியின் மேல் இருக்கும் சின்ன எழுத்தை அவர் வாயால் படிக்கச் சொல்லிக் கேள். மருந்து நிறம் மாறி இருந்தாலும் ஆகாதாம், தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டுமாம். பாடாலூர் பட்டாளத்துக்காரர் அய்யம்பெருமாள் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை உங்கள் பக்கம் கௌஹாத்திக்குக் கிளம்புகிறார், டாக்டரே பார்த்து வாங்கித் தந்த ஆறு குப்பிகளை உமியில் பொதிந்து டின்னில் போட்டு அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அது வந்து சேரும் வரை அந்தப் பாறைப் பக்கம் போகாதே. உங்கள் ஆபீசரிடம் காரணத்தைச் சொல்லி வேறு வேலை கேள். பூச்சிக்குப் பயந்தவன் என்று நாலு பேர் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். நீ கேட்க வெட்கப்படுவாய், எனக்குத் தெரியும், நீ என் பிள்ளை.

அதனால்தான் மீதியையும் எழுதுகிறேன். இதை எழுதாமல் கடிதத்தை ஒட்டிவிடலாம் என்று காலையிலிருந்து இரண்டு தடவை பசையைக் கையில் எடுத்துவிட்டேன். வேணுகோபால் பொய் சொல்லவில்லை. ஆவணியில் நீ கிளம்பின சனிக்கிழமை, பழைய மருந்துக்குத் தேதி தாண்டிவிட்டது என்று நீ சொன்னாய் அல்லவா, பழைய பெட்டியையே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். உன் மெட்ராஸ் பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. அவர் தேடிப் பார்த்துவிட்டு, அந்த மருந்து இப்போது இல்லை, திங்கட்கிழமை திருச்சியிலிருந்து வரும், இதுவும் கொட்டினால் போடுகிறதுதான் ஆனால் அதே வேகம் இருக்காது, அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வந்ததும் மாற்றித் தருகிறேன் என்று தெளிவாகத்தான் சொன்னார். எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. அதே வேகம் என்றால் என்ன என்று கேட்டிருக்கலாம். செக்கிங் சாருக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று பக்கத்தில் நிற்கிறவர்கள் நினைப்பார்களோ என்று தலையை ஆட்டினேன். புதுக் குப்பிகளைப் பழைய பெட்டியில் போடச் சொன்னதும் நான்தான். அவர் வேண்டாம் சார், பெயர் மாறிவிடும் என்றார். உன்னைப் பிழைக்க வைத்த மருந்தின் பெட்டி, உன் அம்மா வெள்ளிக்கிழமை நடை திறந்ததும் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்துக் குங்குமம் இட்டு வாங்கிய பெட்டி, அது உன்னோடு இருக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். உன்னிடமும் சொல்லவில்லை, சொன்னால் பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பாயோ என்று. திங்கட்கிழமை மருந்து வந்துவிட்டது என்று கண்டக்டர் பெரியசாமியிடம் சொல்லியும் அனுப்பினார். முழங்கால் வலி, பிள்ளைதான் போய்விட்டானே, இனி எதற்கு என்று இருந்துவிட்டேன். முப்பது வருஷம் ஊராருடைய டிக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், என் பிள்ளைகள் இருவர் உயிரையும் பார்க்காமல் கொடுத்துவிட்டேன்.

இவ்வளவையும் இப்போதுதான் உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் முறத்தில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கடைக்குப் போய், நேற்று எத்தனை பேர் முன்னால் ஏசினேனோ அத்தனை பேர் முன்னால் அவரிடம் தப்பு என்னுடையது என்று சொல்லப்போகிறேன், புகாரும் வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அதற்கு அவள், "நீங்க போயி அங்கயும் தலய ஆட்டிட்டு வந்துடுவீங்க, நானும் வரேன்" என்றாள். சரி வா என்றேன்.

சிறுவாச்சூர் அம்மன் உன் பக்கத்தில் நின்று காப்பாற்றட்டும், நூறு வயசு நீ நன்றாக இருக்க வேண்டும். உன் அம்மா கொளஞ்சியம்மாளும் சிந்தாமணியும் ஆசியும் அன்பும் சொல்லச் சொன்னார்கள். பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதே, அம்மா வருத்தப்படுவாள், சரியான மருந்து வந்ததும் அதிலேயே போட்டுக்கொள். ஆனால் டின்னில் வரும் குப்பியையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு, பார்த்தேன் என்று ஒரு வரி தந்தி அடி. பெட்டியின் மேல் எழுதியிருக்கிறது என்று நம்பாதே, குங்குமம் இருக்கிறது என்று நம்பாதே, அப்பா கொடுத்தது என்றும் நம்பாதே.

இப்படிக்கு
உன் தந்திக்குக் காத்திருக்கும் அப்பா
அ. உத்திராபதி