மஞ்சள் வரிசைக்குப் பின்னாடி

செல்லம்,

நீ அங்க நல்லாயிருக்கணும், வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கணும். இங்க நாங்களும் நல்லாயிருக்கோம்னு எழுதத்தான் பேனாவ எடுத்தேன், ஆனா எழுத வரலடி. எந்நேரமும் போன்ல மெசேஜ் தட்டுற அம்மா எதுக்குப் பேப்பர்ல எழுதி போட்டோ புடிச்சு அனுப்புறாள்னு பாக்குறியா? அப்பா ரெண்டு போன்லயும் மெசேஜ சத்தமா படிக்கிற மாதிரி மாத்தி வெச்சிருக்கார். சோம்பேறித்தனம்னு நானும் கிண்டல் பண்ணிட்டிருந்தேன், காரணம் இப்பத்தான் புரியுது. இந்தக் கோழிக் கிறுக்கல போன்ல படிக்கிற அந்தப் பொம்பளைக் குரலால படிக்க முடியாது பாரு.

நான் யூடியூப்ல உயிரா பாக்குற, அலமாரி அடுக்குற சேனல் உனக்குத் தெரியுமே, அந்தப் பொண்ணு புத்தகத்தையெல்லாம் கலர் கலரா அடுக்கி வானவில் மாதிரி ஆக்கிட்டா, பாத்ததும் எனக்குக் கை பரபரன்னு ஆயிடுச்சு. அப்பா ஸ்கூல் வேன் கழுவப் போன நேரமா பாத்து ஹால் அலமாரி பூராவும் எறக்கி, தட்டுக்கு ஒரு கலரா செவப்பு, மஞ்சள், பச்சை, நீலம்னு அடுக்கிட்டேன். என்னா அழகு தெரியுமா! எந்தப் புத்தகமா இருந்தாலும் கண்ண மூடிக்கிட்டு எடுப்பேன்னு பீத்திக்கிற மனுஷனாச்சே, எடத்த மாத்திட்டியான்னு தைதைன்னு குதிப்பார்னு பாத்தேன். குதிக்கல. நல்லாயிருக்குன்னு சுவத்தப் பாத்துச் சொல்லிட்டு உக்காந்துட்டார். வீடியோ எடுக்கலாம், அந்த மஞ்சள் டிக்‌ஷனரிய எடுங்கன்னேன். விரலால ஒவ்வொண்ணா தடவிட்டே போயி நீல அட்டை சமையல் புத்தகத்த எடுத்து நீட்டினார். நான் லூசு மாதிரி கெக்கேபிக்கேன்னு சிரிச்சேன், அவரும் கூடவே சிரிச்சார். அந்தச் சிரிப்புலதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. மறுநாள் டீயக் கொஞ்சம் தள்ளிப் புடிச்சேன், கை காத்துல தேடுச்சுடி.

ஸ்கூல் லீவு முடிஞ்சா வேன் நெறைய பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு இந்த மனுஷன் ரோட்டுல போவார். லீவுக்கு முன்னாடி எப்படித்தான் ஓட்டினாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். கண் டாக்டர்கிட்ட போலாங்கன்னா, வீடியோ பாத்துப் பாத்து உனக்குத்தான் மூள கலங்கிடுச்சு, முதல்ல உன் கண்ணக் காட்டுன்னு எரிஞ்சு விழறார். வேல போயிடும்னு அவருக்குப் பயம், எனக்கு அந்தப் பிள்ளைங்க மூஞ்சி கண்ணுலயே நிக்குது. அதான் வேன் சாவிய எடுத்து மஞ்சள் புத்தகங்களுக்குப் பின்னாடி சொருகிட்டேன்.

இத அவருக்கு எதுக்க உக்காந்துதான் எழுதுறேன். என்ன எழுதுறேன்னு கேட்டார், மளிகைச் சாமான்னேன், காப்பித்தூள் சேத்துக்கன்னார். பேப்பர் அவர் மூக்குக்கு நேராத்தான் இருக்கு. இப்ப எழுந்து போயி அலமாரியத் தடவிட்டு நிக்கிறார். நான் சொருகினப்ப சாவி சத்தம் கேட்டுடுச்சோ என்னவோ, திரும்பாமலே, சாவிய நீ எந்தக் கலருக்குப் பின்னாடி வெச்சேன்னு கேக்குறார். எனக்குப் பொய் வரல, மஞ்சள்னு சொல்லிட்டேன். அவர் கை அப்ப மஞ்சள் மேலதான் இருந்துச்சு. கைய எடுத்துட்டு அடுத்த தட்டுக்குப் போறார்.

நீ சொன்னாத்தான் கேப்பார். இன்னைக்கே போன் பண்ணு, வண்டிய எடுக்காதீங்கப்பான்னு அழு, சண்ட போடு, என்னை மாட்டி விட்டாலும் பரவால்ல. மெசேஜ் மட்டும் தட்டாத. நூறு வருஷம் நல்லா இரு, உன் கண்ணு ரெண்டும் நல்லா இருக்கட்டும்.

அலமாரிகிட்ட போகவும் முடியாம, உக்காந்து பாக்கவும் முடியாம,
உன் அம்மா