உன் மலைக்கு நான் ஏறி வந்தேன்

அக்கா,

இன்று காலை அம்மா விளக்கெண்ணெய் காய்ச்சினாள். அந்த வாசம் கூடத்துக்கு வந்ததும் உன் பூட்ஸ்தான் ஞாபகம் வந்தது. லீவில் காஞ்சிபுரம் வரும்போதெல்லாம் கொல்லைப்படியில் உட்கார்ந்து அதற்கு எண்ணெய் தடவுவாய். "தோலு காஞ்சா வெடிச்சிடும்டி. மலையில கால் போச்சுன்னா இன்னா பண்றது?" என்பாய். நான் சிரிப்பேன். பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவளுக்கு மலை எதற்கு?

ஜவ்வாது மலையில் நீ வனக்காவலராக இருந்த மூன்றாம் வருடம், பனி மூடிய ஒரு காலையில், மான் வேட்டைக்கு வந்தவன் உன்னைச் சுட்டுக் கொன்றான். பனியில் மான் என்று நினைத்துச் சுட்டுவிட்டதாகச் சொன்னான். போலீசாரும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். சில மாதத்தில் ஜாமீனில் வந்தான். மறுபடியும் துப்பாக்கியோடு காட்டுக்குள் போகிறான் என்று உன்னோடு வேலை பார்த்தவர்கள் போனில் சொன்னார்கள்.

அன்றைக்கே கடை வேலையை விட்டேன்.

உன் முதுகுப்பையில் மணலை நிரப்பிக்கொண்டு தென்னேரி ஏரிக்கரைக்குப் போனேன். நம் ஊரில் மலைக்கு எங்கே போவது? கரைச்சரிவில் ஏறி இறங்கினேன். முதல் நாள் பத்தாவது ஏற்றத்தில் வாந்தி எடுத்தேன். நீ சொன்னவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கனமானதை முதுகை ஒட்டி வை. மெல்லிய சாக்ஸ் உள்ளே, தடித்தது வெளியே. நகத்தை ஒட்ட வெட்டு. "ஏறும்போது மூச்சு வாங்கும், எறங்கும்போதுதான்டி முட்டி போவும்." ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் மணல் கூட்டினேன்.

"இன்னாத்துக்குமா இப்படி ஒடம்ப வருத்திக்கினு கீற? ஒருத்திய குடுத்தது போதாதா?" என்று அம்மா அழுதாள்.

"கவர்மென்ட் வேலைக்குமா" என்றேன். பாதிப் பொய். ஒவ்வொரு ஏற்றத்திலும் அவன் முகத்தைத்தான் மிதித்தேன்.

வனக்காவலர் தேர்வு எழுதினேன். நடைத்தேர்வில் முதலாவதாக வந்தேன். யாரும் போக விரும்பாத உன் மலையைக் கேட்டு வாங்கினேன்.

எட்டாவது மாதம் அவன் கண்ணில் பட்டான். எங்களைப் பார்த்ததும் துப்பாக்கியைப் புதரில் எறிந்துவிட்டு ஓடினான். என்னோடு வந்த வனக்காவலர்கள் இருவரும் பின்தங்கிவிட்டார்கள். நான் விடவில்லை. ஒரு முகட்டில் ஏறி, ஓடைக்கு இறங்கி, அடுத்த முகட்டில் பாதி ஏறியதும் அவன் கால் மடங்கி விழுந்தான். அவன் கைகளைப் பின்னால் கட்டினேன். என்னை யாரென்று அவனுக்குத் தெரியாது. ஆத்திரத்தில் கத்தினான்.

"உன்னாட்டமே ஒருத்தி தொரத்துனா. திரும்பி நின்னு சுட்டேன், அத்தோட முடிஞ்சுது. துப்பாக்கிய மட்டும் போடாம இருந்திருந்தா உனக்கும் அதான்."

மூச்சிரைக்க அப்போதுதான் வந்து சேர்ந்த காவலர்கள் இருவர் காதிலும் அது விழுந்தது.

"யாரைச் சுட்டே? மானையா?" என்றேன்.

அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். உன் சாயல் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது அது கொலை வழக்கு. காவலர்கள் இருவரும் சாட்சி சொல்லிவிட்டார்கள். இந்தமுறை ஜாமீன் இல்லை.

ஒன்றை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை. கீழே இறங்க நான்கு மணி நேரம் ஆனது. வழியெல்லாம் அவன் தண்ணீர் கேட்டான். "ஒரு வாய் குடும்மா." என் புட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. அவன் எதிரில் நின்று, அவனைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் குடித்தேன். காவலர் ஒருவர் தன் புட்டியை நீட்டினார். அதையும் தடுத்தேன். அடிவாரத்துக்கு வந்த பிறகுதான் கொடுக்க விட்டேன்.

நீயாக இருந்தால் முதல் முறை கேட்டபோதே கொடுத்திருப்பாய். எனக்குத் தெரியும், அக்கா. கொடுத்திருக்கலாமே என்று என்றைக்காவது எனக்குத் தோன்றுகிறதா என்று தினமும் பார்க்கிறேன். இன்னும் தோன்றவில்லை.