மாமன் மடியும் சுற்றும் டிரம்மும்

நாமக்கல்,
கார்த்திகை 12

அன்புள்ள ஸ்ரீதேவிக்கு,

அண்ணி தனப்பிரியா எழுதுவது. நாக்பூர் குளிரில் நீயும் உன் வீட்டுக்காரரும் குட்டி நிலாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் குரல் கேட்டாலே உன் அண்ணன் ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். இது அவர் கேட்கக் கூடாத பேச்சு.

தை மாதம் நிலாவுக்குக் காது குத்தும்போது, அண்ணனுக்குக் கை சரியில்லை, துள்ளுகிற பிள்ளையைப் பிடிக்க முடியாது, பெரியப்பா மகன் கௌசிக் மடியில் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று போன வாரம் சொன்னாய். அக்கறையில்தான் சொன்னாய், தெரியும். அவரும் "செரி சாமி, அப்படியே செஞ்சுக்க" என்றுவிட்டார். அன்று மத்தியானம் போட்ட சோறு தட்டில் அப்படியே இருந்தது. கூடப் பிறந்த தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இன்னொருவர் மடியா என்று எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

ஆனி மாதம் பட்டறையில் லாரி கேபின் மேலிருந்து விழுந்து வலது தோள் உடைந்தது உனக்குத் தெரியும். கட்டுப் பிரித்த பிறகு நடந்தது தெரியாது. சுவரில் விரலை ஏற்றி இறக்கிப் பழகச் சொன்னார் டாக்டர். நான் என்ன பல்லியா என்று கேட்டு ஒரே நாளோடு நிறுத்திவிட்டார். சட்டை போட்டுவிடக்கூட நான் வேண்டியிருந்தது. இருபது வருஷம் லாரிக்கு பாடி கட்டியவர், இந்தக் கைக்கு இனி யார் வேலை கொடுப்பார்கள் என்று ஒருநாள் கேட்டார். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அப்போதுதான் காய்கறிக் கழிவை மக்க வைக்க, சுற்றும் டிரம் ஒன்று செய்து தரக் கேட்டேன். யூடியூபில் பார்த்தது. ஆளை எழுப்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை. இவர் கட்டிலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, பட்டறைக் கூட்டாளி தங்கசாமி வெல்டிங் அடித்தார். நீல பிளாஸ்டிக் டிரம், குறுக்கே ஒரு பைப், இரண்டு பக்கமும் பழைய பேரிங், காற்றுப் போகத் துளைகள், சின்னக் கதவு, சுற்ற ஒரு கைப்பிடி. லாரிக்கு ஒட்டுவதுபோல் சிவப்பு வெள்ளைப் பட்டையும் ஒட்டிவிட்டார்கள்.

நான் சுற்றினேன். அவர் இருந்த இடத்திலிருந்தே குறை சொன்னார். பிறகு நான் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். சீக்கிரம் மக்கட்டும் என்று எங்கப்பா பண்ணையிலிருந்து பச்சைக் கோழி எருவை ஒரு மூட்டை கொண்டுவந்து அப்படியே கொட்டிவிட்டேன். நாமக்கல்காரிக்குக் கோழி எருவைப் பற்றி யார் சொல்ல வேண்டும் என்ற திமிர்தான். இரண்டாம் நாள் தெருவே மூக்கைப் பிடித்தது. டிரம்மைத் தொட்டால் சுட்டது. பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஆராயி அக்கா வந்து, "ஏனுங்க, ஊட்டுக்குள்ளயே பண்ணை வெச்சுட்டீங்களா?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உன் அண்ணன் எழுந்து வந்தார். தங்கசாமியிடம் சொல்லி மரத்தூள் வரவழைத்தார். காய்ந்த வேப்பிலையும் கடலைத் தோலும் அதோடு போடச் சொன்னார். "நீ சுத்துனா கட்டி உடையாது, தள்ளு" என்றார். காலையும் மாலையும் இருபது சுற்று. இடது கை ஓய்ந்ததும் வலது கையைக் கொடுத்தார். முதல் நாள் கைப்பிடி இடுப்புக்கு மேல் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டார். ஒரு வாரத்தில் நாற்றம் போய்விட்டது, அவர் நிறுத்தவில்லை. இப்போது கைப்பிடி தலைக்கு மேலே போய் அந்தப் பக்கம் இறங்குகிறது. தை பிறந்ததும் பட்டறைக்குப் போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆராயி அக்கா கறிவேப்பிலைச் செடிக்கு இரண்டு கூடை எரு வாங்கிக்கொண்டு போனார்.

நேற்று மத்தியானம் ரேஷன் கடையிலிருந்து சீக்கிரமே திரும்பிவிட்டேன். பின்வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சாக்கு மூட்டை, சலித்த எரு. அதை வலது கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு, இடது கையால் இப்படியும் அப்படியும் இழுத்து உலுக்கிக்கொண்டிருந்தார். வலது கை விடவில்லை. நான் வந்த சுவடே தெரியாமல் வெளியே போய்விட்டேன். ஆராயி அக்கா கடை வாசலில் நான் நின்றபோது அக்காவே சொன்னார்: "காத்தால உங்க ஊட்டுக்காரரு சாக்கைக் கொண்டாந்து, சரியா பதினாலு கிலோ இருக்கோணும்னு நிறுத்துட்டுப் போனாருங்க."

நிலாவின் எடை பதினான்கு கிலோ என்று போன மாதம் நீதான் சொன்னாய்.

ஸ்ரீதேவி, அவர் வாய் திறந்து உன்னிடம் கேட்க மாட்டார். நான் எழுதியதும் அவருக்குத் தெரிய வேண்டாம். கௌசிக் பந்தியைப் பார்த்துக்கொள்ளட்டும். குலதெய்வம் உங்கள் மூவரையும் நன்றாக வைத்திருக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஒரு போன் போட்டு, "அண்ணா, நிலா உங்க மடியிலதானுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு கண்ணு.

அந்தப் போனுக்காகக் காத்திருக்கும்
உன் அண்ணி,
தனப்பிரியா