எண்ணாமல் கிடக்கும் முப்பத்தெட்டு சீட்டுகள்

சிதம்பரம்
12.12.2008

அன்புள்ள சார்லஸுக்கு,

தில்லைநாதன் எழுதிக்கொள்வது. என் இடது காது ஒன்று நீங்கலாக இங்கே வீட்டில் அனைவரும் சௌக்கியம். அங்கே பஹ்ரைனில் நீ, உன் வீட்டார், உன் மீசை ஆகியோர் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மீசையைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை ஜெயராணி கடலூரிலிருந்து தன் மகள் ரேகாவின் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தபோது உன் போட்டோவையும் காட்டினாள். தலையில் போனதையெல்லாம் மேலுதட்டில் சேர்த்து வைத்திருக்கிறாய். வாய் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

இருபத்தொரு வருஷம் கழித்து முதல் கடிதம் எழுதுகிறவன் மீசையிலா ஆரம்பிப்பான் என்று கேட்பாய். விஷயத்துக்கு வரப் பயமாக இருக்கிறது, அதனால்தான் மீசையில் நின்றுகொண்டிருக்கிறேன்.

ஜெயராணி சமையல்கட்டில் லோகநாயகியிடம் ஒரு சேதி சொல்லியிருக்கிறாள். "எங்கண்ணன் ரெண்டு வாட்டி போன் பண்ணிச்சாம் அண்ணி. ரெண்டு வாட்டியும் இவரு எனக்கு ஒண்ணும் வேணாம், வைன்னுட்டாராம். ஜனவரியில கல்யாணத்துக்கு வரேன், ஆனா சிதம்பரம் பக்கம் கால வெக்கமாட்டேன்னு சொல்லிடுச்சி." கூடத்தில் நான் பத்திரிகையின் தங்க எழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு இது எதுவும் கேட்கவில்லை. ஜெயராணியை பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகு, லோகநாயகி தினக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து அதன் பின்னால் கொட்டை எழுத்தில் எழுதி என் முன்னால் வைத்தாள்: 'ரெண்டு வாட்டி போன் பண்ணது சார்லஸ் அண்ணன்.' மிச்சத்தைப் பிறகு சொன்னாள்.

சார்லஸ், சத்தியமாக எனக்குத் தெரியாது. போனில் இப்போது எனக்குக் குரல் வருகிறது, வார்த்தை வருவதில்லை. டப்பாவுக்குள் மாட்டிய வண்டு மாதிரி ஒரு சத்தம். யார் பேசினாலும் அதே வண்டுதான். ஏதோ நீளமான நம்பர். கிரெடிட் கார்டு விற்கிறவன் என்று நினைத்து, எனக்கு எதுவும் வேண்டாம், வையுங்கள் என்றேன். இரண்டாம் தடவை வந்தபோது, எத்தனை முறை சொல்வது என்று குரலை வேறு உயர்த்தினேன். நீ அங்கே என்ன முகத்தோடு போனை வைத்திருப்பாய் என்று நினைத்தால் எனக்கு ஐந்து நாளாகச் சோறு இறங்கவில்லை. லோகநாயகி இதை நம்பமாட்டாள். நான் நேற்று ஏழு இட்லி சாப்பிட்டதைச் சொல்வாள். இட்லி வேறு, சோறு வேறு.

காது கதையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் போனது புல்லாங்குழல். நாம் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்த கடைக்காலத்தில் தொடர்ந்து பதினாலு வாரம் முதல் ஐந்துக்குள் நின்ற மழைப் பாட்டு ஒன்று உண்டே, ஆரம்பத்தில் குழல் மட்டும் தனியாக வருமே, போன வருஷம் ஒரு நாள் அதைப் போட்டால் குழலைக் காணோம். கேசட் செத்துவிட்டது என்று நினைத்தேன். டேப்ரெக்கார்டர் ஹெட்டை ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன். பெல்ட் மாற்றினேன். கடைசியில் என் மகள் கனிமொழியைக் கூப்பிட்டு, குழல் வருகிறதா பார் என்றேன். "நல்லாத்தானே வருதுப்பா" என்றாள். அவளுக்குப் பாட்டு விஷயத்தில் ஞானம் போதாது என்று முடிவு செய்தேன். அடுத்தாற்போல் சலங்கை போனது. பிறகு பாடகியின் மேல்சுருதி போனது. என் காதுக்கு இப்போது தபேலாவும் பாஸ் கிடாரும்தான் சொந்தக்காரர்கள்.

கடலூரில் ஒரு காது டாக்டரம்மாவிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் மெஷினைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் கை அசையும்போதெல்லாம் நான் பட்டனை அழுத்தினேன். ரிசல்ட் பார்த்த டாக்டரம்மா, இந்த மாவட்டத்திலேயே உங்களுக்குத்தான் நல்ல காது என்றார். பிறகு சந்தேகம் வந்து என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு மறுபடி சோதித்தார். மாவட்டப் பட்டம் போய்விட்டது. இடது காது அநேகமாக இல்லை, வருஷக்கணக்காக ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தலையைக் கொடுத்ததன் பலனாகவும் இருக்கலாம் என்றார். வலது காது நன்றாக இருக்கிறது, அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

எண்ணிக்கையில் தில்லுமுல்லு செய்வது எனக்கு எவ்வளவு பழைய வியாதி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. இப்போது ஜெராக்ஸ், செல்போன் ரீசார்ஜ், மெமரி கார்டில் பாட்டு ஏற்றுதல். யாரும் பட்டியல் எழுதித் தருவதில்லை சார்லஸ். "புதுசா என்ன இருக்கோ எல்லாத்தையும் ஏத்துங்க" என்று கார்டை நீட்டுகிறார்கள். ஒரு கார்டில் ஐந்நூறு பாட்டு. அதைக் கொடுத்தவன் யார், என்ன ஆசாமி, எதுவும் தெரியாது. நம் காலத்தில் ஒரு சீட்டில் பன்னிரண்டு பாட்டு. ஏ பக்கம் ஆறு, பி பக்கம் ஆறு. ஐந்தாவது பாட்டுக்குள் ஆளின் ஜாதகத்தை நீ சொல்லிவிடுவாய். "இவனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சி மச்சான், ஆனா பொண்ணு இவன் கேட்டது இல்ல" என்பாய். விசாரித்தால் சரியாக இருக்கும்.

குமராட்சி காத்தவராயனை ஞாபகம் இருக்கிறதா? பக்கம் முடியும்போது மிச்சமிருக்கும் டேப்பில் நீ வாத்திய இசை ஏதாவது போட்டு அழகாக முடிப்பாய். நான் முழுப் பாட்டை ஆரம்பித்து டேப் தீர்கிற இடத்தில் விட்டுவிடுவேன். அப்படி அவனுக்கு ஒரு பாட்டு இரண்டாவது சரணத்தில் அறுந்துபோனது. மூன்று வருஷம் அதையே கேட்டவன், சொந்தக்காரர் கல்யாணத்தில் முழுசாகக் கேட்டுவிட்டு நேரே கடைக்கு வந்தான். "இன்னாங்க இது, மைக் செட்டுக்காரன் பாட்ட ஜாஸ்தியா இழுத்துட்டான்" என்றான். இப்போது நானும் காத்தவராயன் கட்சிதான். இல்லாத குழலும் இல்லாத சலங்கையும் பழைய பாட்டில் எனக்குக் கேட்கின்றன, ஏனென்றால் அவை எங்கே வரும் என்று தெரியும். புதுப் பாட்டு எதுவும் ஏறவில்லை. வயசாகிவிட்டதால் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று கனிமொழி கேலி செய்கிறாள். உண்மை அதுவல்ல. முன்பே கேட்டு வைத்ததை மட்டும்தான் இனிமேல் என்னால் கேட்க முடியும் போலிருக்கிறது.

சரி. மீசை, காது, காத்தவராயன் எல்லாம் முடிந்துவிட்டது. இனி ஒளிய இடமில்லை.

கடை வாசல் கரும்பலகை. ஞாயிறு சாயங்காலம் 'இந்த வாரப் பத்துப் பாடல்கள்'. அந்த வாரம் வந்த சீட்டுகளையெல்லாம் கம்பியில் குத்தி வைத்து, சனிக்கிழமை நீ ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பாய், நான் கோடு போடுவேன். நாலு கோடு, குறுக்கே ஒன்று. நீ சும்மா படிக்கமாட்டாய். ஒவ்வொரு பாட்டின் முதல் வரியையும் முணுமுணுத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாய். ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரம் இழுக்கும். எரிச்சலில் நான் உன்னைத் திட்டாத வாரம் இல்லை. மறுநாள் என் அழகான கையெழுத்தில் பலகையில் ஏற்றுவேன். அண்ணாமலை நகர் ஹாஸ்டலிலிருந்து சைக்கிளில் வந்து நின்று பார்ப்பார்கள். நம் ஊரில் தேர்தல் முடிவுக்குக்கூட அத்தனை கூட்டம் கிடையாது.

அப்போதுதான் லோகநாயகி ஒரு சீட்டு கொடுத்தாள். கீரப்பாளையத்திலிருந்து தையல் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். சீட்டில் முதல் பாட்டு ஒரு தாலாட்டு. ஊரில் வேறு ஒருவரும் கேட்காத பாட்டு. எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறவள் பார்க்கட்டும் என்று அதை முதலிடத்தில் எழுதினேன். ஒரு வாரம் என்று ஆரம்பித்தது ஒன்பது வாரமானது. நீ கேட்டபோதெல்லாம், சீட்டு நேராகக் கடைக்கு வராமல் கையில் தருகிறார்கள் என்று ஏதோ உளறினேன். நீயும் விட்டுவிட்டாய்.

பத்தாவது வாரம் ஹாஸ்டல் செம்பியன் ஏழு பேரோடு வந்து நின்றான். "எட்டுப் பேரும் ஒரே பாட்டுதான் எழுதிக் குடுத்தோம். பத்துலயே காணோம். எங்க ஓட்டெல்லாம் எங்கய்யா போச்சு?" கூட்டம் சேர்ந்துவிட்டது. எதிரே பஸ் நிறுத்தத்தில் அவளும் நின்றுகொண்டிருந்தாள். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. எண்ணுவது நான் இல்லை, சார்லஸ்தான் என்றேன்.

நீ அந்த வாரக் கம்பியைக் கையில் வைத்திருந்தாய். என்னைப் பார்த்தாய். பிறகு அவர்களிடம், "தப்பா எண்ணிட்டேன் தம்பி, மன்னிச்சிடுங்க" என்றாய். கம்பியை மேஜை மேல் வைத்துவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டாய். அடுத்த மாசம் பம்பாய், பிறகு பஹ்ரைன். கடலூருக்கு வந்து உன்னை வழியனுப்பலாம் என்று பஸ் நிலையம் வரை போனேன். போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

லோகநாயகியைக் கட்டிக்கொண்டு ஐந்தாறு மாசம் கழித்து, பலகையில் உன் பாட்டு ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றதே, பார்த்தாயா என்று கேட்டேன். "போர்டா? நான் பஸ் வருதான்னுல்ல பாத்துகிட்டிருந்தேன்" என்றாள். தூரத்து எழுத்து அவளுக்குத் தெரியாதாம். அடுத்த வாரமே கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். எதற்காக உன்னை இழந்தேனோ, அதை அவள் படிக்கவே இல்லை.

அந்தக் கம்பி இன்னும் என்னிடம் இருக்கிறது சார்லஸ். ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். முப்பத்தெட்டு சீட்டு. ஓரத்தில் கொஞ்சம் பூச்சி அரித்திருக்கிறது, எழுத்து போகவில்லை. அந்த வாரம் எண்ணவே இல்லை, அதற்குள் அந்த ரகளை நடந்துவிட்டது. பிறகு பலகை எழுதுவதையே விட்டுவிட்டேன். எத்தனையோ நாள் டப்பாவைத் திறந்து, எடுத்து எண்ணிவிடலாமா என்று பார்த்திருக்கிறேன். என் எண்ணிக்கை மேல் எனக்கே நம்பிக்கை இல்லாததால் மூடி வைத்துவிட்டேன்.

ரேகா கல்யாணத்துக்கு நாங்கள் மூவரும் கடலூர் வருகிறோம். மாதா கோயிலில் ஓரமாக நிற்கிறேன், உன்னைச் சங்கடப்படுத்தமாட்டேன். ஆனால் கல்யாணம் முடிந்து ஒரு சனிக்கிழமை நீ சிதம்பரம் வர வேண்டும். ஒன்றரை மணி நேர பஸ். என் வலது பக்கம் உட்கார்ந்து சீட்டைப் படி. மூன்று மணி நேரம் ஆனாலும் ஆகட்டும், ஒவ்வொன்றையும் முணுமுணுத்துவிட்டே போ. இருபத்தைந்து வயசு சார்லஸின் குரல்தான் என்னிடம் இருக்கிறது. ஐம்பதை நெருங்குகிறவனின் குரலையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஒழுங்காகக் கோடு போடுகிறேன். லோகநாயகி பக்கத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு காவல் இருப்பாள்.

முதலிடம் எதுவாக இருந்தாலும் அதைத்தான் எழுதுவேன். ரேகா நூறு வயசு சந்தோஷமாக இருக்கட்டும். நீ பத்திரமாக வந்து சேர்.

என்றும் உன்,
தில்லைநாதன்

சார்லஸ் அண்ணனுக்கு லோகநாயகி எழுதறது. தபால்ல போடச் சொல்லி எங்கிட்ட குடுத்தாரு, ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சிட்டேன். ஏழு இட்லின்னு எழுதியிருக்காரு. ரெண்டுதான். வலது காது நல்லா இருக்குன்னும் எழுதியிருக்காரு. அதுவும் பாதிக்கு மேல போயிடுச்சி அண்ணே. நாங்க பேசும்போது எங்க உதட்டத்தான் பாத்துகிட்டு இருக்காரு. நாங்களும் தெரியாத மாதிரி நேரா நின்னு பேசறோம். ஜெயராணி காட்டுன போட்டோவ நானும் பாத்தேன். கோவிச்சிக்காதீங்க. வரும்போது அந்த மீசைய கொஞ்சம் கத்தரிச்சிகிட்டு வாங்க.