தடித்த ஒயர்

1987 மார்ச், வெள்ளிக்கிழமை

தோல் தொழிற்சாலைக்கு விடுமுறை என்பதால் அண்ணன் இன்று ஆள் வைத்துத் தன் டிரெய்லருக்கு ஒயரிங் செய்தான். ஏலகிரியில் போய்த் தங்குவதற்காக ஜீப் சக்கரங்களின் மேல் அவனே கட்டிய பெட்டி வீடு அது. சூரியத் தகடு, பாட்டரி, இரண்டு விளக்கு, ஒரு ஃபேன். திட்டத்தை என்னிடம்தான் போடச் சொன்னான். என் பி.எஸ்சி. படிப்பு இந்த வீட்டில் ஒருவருக்குத் தேவைப்பட்டது இதுதான் முதல் முறை.

தடித்த ஒயர் வேண்டும் என்று எழுதியிருந்தேன். எலக்ட்ரீஷியன் பாய் சிரித்தார்.

"பன்னெண்டு வோல்ட்டும்மா, ஷாக்கே அடிக்காது. இதுக்கு இன்னாத்துக்குத் தடி ஒயரு? மெல்லிசே ஜாஸ்தி."

வோல்ட் குறைந்தால் அதே வேலைக்குக் கரண்ட் அதிகம் ஓடும், மெல்லிய ஒயர் சூடாகி வோல்ட்டைத் தின்றுவிடும். இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை; பாய் மெல்லிசையே இழுத்துவிட்டார்.

சாயங்காலம் ஃபேனைப் போட்டதும் விளக்குகள் மங்கின.

"தகடு டூப்பு. சார்ஜே ஏறல" என்றார் பாய்.

"பேஜாரு! நாளைக்கே திருப்பிக் குடுத்துட்றேன்" என்றான் அண்ணன்.

நான் ஒயரைத் தொட்டேன். சுட்டது. அப்போதும் பேசாமல் நின்றேன். என்ன ஜென்மம் நான்!

ஒயருக்குக் கணக்குப் போட்ட தாளை அண்ணன் சட்டைப் பையில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்திருக்கிறேன். கணக்கை அவன் படிக்கமாட்டான். அதனால் மேலே பெரிதாக ஒரு வரி எழுதியிருக்கிறேன்: ஃபேனைப் போட்டுவிட்டு ஒயரைத் தொட்டுப் பார்.