அடுப்பில்லாத மூன்று நாள்

அக்கா,

வீடு முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். பரணில் கிடந்த பழைய பம்ப் ஸ்டவ்வை இறக்கிக் கூடத்து நடுவில் வைத்து, உன் கொழுந்தன் இரண்டு மணி நேரமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஊசியால் குத்திப் பார்க்கிறார், பம்ப் அடித்துப் பார்க்கிறார், பற்றவில்லை என்றதும் ஸ்டவ்வைத் திட்டுகிறார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இந்த மனிதர் ஓர் அடுப்புக்கு முன்னால் இத்தனை நேரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எதற்கு என்று கேட்கிறாயா? உன் ஆசையை நிறைவேற்றத்தான்.

தஞ்சாவூருக்குப் போகிறார்கள். நீ சொல்லிச் சொல்லி வாய் வலித்த அதே லாட்ஜுக்கு. உனக்கு வருஷம் திரும்பப் போகிறது அல்லவா, திதி கொடுத்த கையோடு குடும்பமாகப் போய் மூன்று நாள் தங்கிவிட்டு வர வேண்டுமாம். உன் வீட்டுக்காரர்தான் பேச்சை எடுத்தார். "அவ வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதாம்ப்பா," என்று சொல்லி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். நீ வாயைத் திறந்து வருஷக்கணக்காகக் கேட்டாய். காதைத் திறந்தவர் இந்த வீட்டில் யார்?

பதினாலு பேர், ஒரு வேன். தேதி என்ன தெரியுமா? "எடுப்பு முடிஞ்சதும்." நாற்பது ஐம்பது நாளைக்கு ஒரு தடவை தோட்டத்தைச் சுற்றி வந்து ஏலக்காய் பறிக்கிற அந்த எடுப்பு, செத்தவளின் ஆசைக்கும் வழிவிடவில்லை. நீ எதிரில் இருந்தால், "சரித்தான், காய விட்டுட்டு வர முடியுமா?" என்று அவர்களுக்குப் பரிந்து பேசியிருப்பாய். அதுதான் உன்னிடம் எனக்குப் பிடிக்காதது.

லாட்ஜுக்குப் போன் போட்டது என் வீட்டுக்காரர். ஊரே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் சின்னப் பெண் குரல், அந்த வீட்டு மருமகள் போலிருக்கிறது. இவர் ரூம் எத்தனை, வாடகை என்ன என்று எதுவும் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், "ஒங்க அடுப்படிய எங்களுக்கு விட்ருவீகளாம்மா? எங்க வீட்டுப் பொம்பளைகளே ஆக்கிப்புடுவாக," என்றார். அந்தப் பெண் மரியாதையாகவே சொன்னாள், அடுப்படியெல்லாம் விடுவதில்லை, சாப்பாடு நாங்களே தருகிறோம் என்று. "அப்ப மொட்டை மாடி?" என்றார் இவர். போனை வைத்துவிட்டு, "வெளிச்சாப்பாடு நம்ம ஆளுகளுக்கு ஒத்துக்கிறாது," என்று தீர்ப்புச் சொன்னார். அதன் விளைவுதான் இந்தப் பம்ப் ஸ்டவ். வாசலில் மூன்று சாக்கும் ஒரு குண்டானும் ஏற்கனவே கட்டி வைத்தாயிற்று.

உன் மகன் இருக்கிறானே, அவன் அதற்கும் மேலே. "சித்தி, ரிவ்யூ பாத்தேன். லிப்ட் இல்லையாம், டிவி சின்னதாம். ஒருத்தன் மூணு ஸ்டார்தான் குடுத்திருக்கான்," என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். வீட்டில் தான் குடித்த டம்ளர் எங்கே இருக்கிறதென்று தெரியாதவன், ஊரில் உள்ள லாட்ஜுக்கெல்லாம் மார்க் போடுகிறான். நம் வீட்டுக்கு எத்தனை ஸ்டாருப்பா என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை.

டம்ளர் என்றதும் அந்த முதல் நாள் ஞாபகம் வருகிறது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் நமக்குச் சேலை மாற்ற ரூம் போட்டிருந்தார்கள், மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். வீட்டின் மாடியில் ஆறு ரூம், கீழே அந்த லாட்ஜை நடத்துகிற அம்மாவின் குடும்பம். நாம் அங்கே இருந்தது அரை நாள்கூட இல்லை. அந்த அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். குடித்து முடித்ததும் நாம் என்ன செய்தோம்? இரண்டு பேரும் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய், குளிக்கிற சோப்பைப் போட்டு டம்ளரையும் டபராவையும் கழுவிக் கவிழ்த்தோம். அந்த அம்மா வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, வந்த எடத்துல?" என்று கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டார். உனக்கு முகம் சிவந்துவிட்டது. படி இறங்கும்போது என் காதில் சொன்னாய்: "ஏத்தா, இங்ஙன மூணு நாளு இருக்கணும். கையக் கட்டிக்கிட்டு சும்மா இருக்கணும்."

அப்போதிருந்து நீ திட்டம் போட ஆரம்பித்தாய். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதுவாய். முதல் நாள் ஒன்றும் கிடையாது, தூக்கம். இரண்டாம் நாள் சாயங்காலம், கல் சூடு ஆறிய பிறகு பெரிய கோயில். மூன்றாம் நாள் அரண்மனை, பிறகு கடைத்தெரு, யாருக்கும் எதுவும் வாங்கக் கூடாது. இதைக் கேட்டு நான் ஒரு நாள் விழுந்து விழுந்து சிரித்தேன். ஊர் பார்க்கப் போகிறவர்கள் பார்க்க வேண்டியதைத்தான் எழுதுவார்கள், நீ செய்யக் கூடாததை எழுதி வைத்திருந்தாய். "வெங்காயம் உரிக்கக் கூடாது" என்றுகூட ஒரு தாளில் இருந்தது.

அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். போடியில் இந்த வீட்டில் ஒரு அடுப்பு, மலையில் மெட்டுக்கு மேலே தோட்டத்து வீட்டில் ஒரு அடுப்பு. எடுப்பு நாளில் தங்கி வேலை பார்க்கிற ஆட்கள், ஸ்டோரில் காய் உலர்த்தத் தீப்போடுகிறவர், ஜீப்பு டிரைவர், காய் பார்க்க வருகிற வியாபாரி, அவரோடு சும்மா வருகிறவர் என்று எல்லோருக்கும் வேளை தவறாமல் சோறு. எடுப்பு முடிந்தால் செடி கழிக்கிற கவாத்து, கவாத்து முடிந்தால் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற சோலி, அது முடிவதற்குள் மழை, மழை விட்டால் மறுபடி எடுப்பு. ஏலத்தோட்டக்காரன் வீட்டில், 'எடுப்பு முடியட்டும்' என்றால் 'முடியாது' என்று அர்த்தம். இது உனக்குத் தெரியாததா? தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு வருஷமும் அந்த லாட்ஜ் அம்மாவுக்குப் போன் போட்டு ரூம் இருக்கிறதா என்று விசாரித்தாய். ஒவ்வொரு வருஷமும் "இந்த எடுப்பு முடியட்டுங்கம்மா," என்று சொல்லி வைத்தாய். பொறுமைசாலி என்று உன்னை ஊரே புகழ்ந்தது. பொறுமையாம் பொறுமை! அது பயம் அக்கா. சோறு ஆக்கவில்லையென்றால் நம்மை யாரும் வேண்டாமென்று சொல்லிவிடுவார்களோ என்கிற பயம். உன்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

என்னைத் திட்டாமல் விட்டால் அது நியாயமில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் நீ ஒரே ஒரு தடவை துணிந்தாய். தேதி குறித்தாய், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, "நானும் அவளும் மூணு நாளு தஞ்சாவூரு போறோம்," என்று சாப்பாட்டுப் பந்தியில் அறிவித்தாய். எனக்கே உன்னைப் பார்த்துப் பிரமிப்பாக இருந்தது. அன்றைக்குப் படுக்கப் போகும்போது என் வீட்டுக்காரர் சண்டை போடவில்லை, கத்தவில்லை. "அப்ப ஆளுகளுக்கு யாரு ஆக்குறது?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு நான் உதிர்ந்துபோனேன்.

காலையில் நீ மாம்பழக் கலர் சேலை கட்டி, பையோடு வாசலில் நிற்கிறாய். நான் அரிசி புடைத்த முறத்தோடு வந்து நிற்கிறேன். "நான் வரலக்கா." அவ்வளவுதான் சொன்னேன். காரணம்கூடச் சொல்லவில்லை. நீ அந்த இடத்தில் என்னை ஓங்கி ஒரு அறை அறைந்திருக்கலாம். "போடி, நான் மட்டும் போறேன்," என்று நடையைக் கட்டியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. "சரி விடு, ஜீப்புக்கு நேரமாச்சு. வெரசா வா," என்று உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாய். அன்று மலைக்கு வளைவு வளைவாக ஏறியபோது ஜீப்பில் நீ வழக்கம்போல் பேசிக்கொண்டு வந்தாய். நான்தான் உன் முகத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு நீ தஞ்சாவூர்ப் பேச்சை என்னிடம் எடுக்கவில்லை. எனக்கும் எடுக்க முகமில்லை.

போன ஐப்பசியில் எடுப்பு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஜீப்பு மெட்டிலிருந்து இறங்கி முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன்னை வீட்டில் கிடத்தியிருக்கும்போது, மலையில் இருக்கிற ஆட்கள் மத்தியானத்துக்கு என்ன செய்வார்கள் என்று ஒரு குரல் கேட்டது. யார் குரல் என்று சொல்லமாட்டேன். என் குரலாகவும் இருக்கலாம்.

நேற்றுத்தான் சொன்னேன், நான் வேனில் வரவில்லை என்று. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உன் வீட்டுக்காரர், "அவ ஆத்மா சாந்தியடைய வேணாமாத்தா?" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். "அவுக சாந்தியடையணும்னா நீங்க ஆக்குங்க, நான் திங்கிறேன்," என்றேன். என் வீட்டுக்காரர் வாயில் வைத்த கவளத்தோடு அண்ணாந்து பார்த்தார். "அப்ப யாரு ஆக்குறது?" என்றார். அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், நாலு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே கேள்வி, அதே தொனி. இந்த வார்த்தைக்கா நான் உன்னை வாசலில் நிற்க வைத்தேன் என்று வெட்கமாக இருந்தது. ரசம் ஊற்றினேன். ஊற்றியதால், நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. அதனால்தான் இன்றைக்கு ஸ்டவ் துடைக்கிறார்கள்.

இதை எழுத உட்காருவதற்குச் சற்று முன் மாடிக்குப் போய், நானே அந்த லாட்ஜுக்குப் போன் போட்டேன். இரண்டு தடவை தப்பான நம்பரை அமுக்கினேன், ஐம்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளைக்கு ஒரு ரூம் கேட்க இத்தனை பயம்! இந்தத் தடவை எடுத்தது அன்றைக்குக் காப்பி கொடுத்த அந்த அம்மாதான். வியாழக்கிழமையிலிருந்து மூன்று நாள், ஒரு ரூம் வேண்டும் என்றேன். எந்த ஊர் என்று கேட்டார். போடி என்றேன்.

"போடியா? ஏலக்கா தோட்டம் வச்சிருக்கிற ஒரு அம்மா அங்கேர்ந்து வருஷா வருஷம் பேசுவாங்க. ஒரு தடவை வர்றேன்னு சொல்லி, ரூமெல்லாம் கூட்டி வச்சுட்டோம். காலைல போன் பண்ணி, தங்கச்சிக்குத் திடீர்னு காய்ச்சல், அவள விட்டுட்டு வர மனசு வரலேன்னாங்க. அப்புறம் சத்தமே இல்ல. அவங்களத் தெரியுமா?"

எனக்கு அன்றைக்குக் காய்ச்சல் இல்லை அக்கா. முறமும் கையுமாக நன்றாகத்தான் நின்றேன். நீ சேலை மாற்ற உள்ளே போன அந்த ஐந்து நிமிஷத்தில், முன்பின் பழகாத ஒருவரிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் பேசி முடித்திருக்கிறாய். உயிரோடு இருந்தவரை என்னை ஏத்தா என்றாய், இவளே என்றாய். தங்கச்சி என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

"நான்தாம்மா அந்தத் தங்கச்சி," என்றேன்.

"அட! இப்ப ஒடம்பு தேவலையா?"

"தேவலை. இப்பத்தான் தேவலை."

"சந்தோஷம்மா. அப்ப ரெண்டு பேருக்கும் சேத்தே போட்டுடறேன். அக்காவும் வர்றாங்கள்ல?"

நீ போய்விட்டாய் என்று சொல்ல வேண்டியது, காலையிலிருந்து எல்லோரையும் எள்ளி நகையாடிக்கொண்டிருந்த இந்த வாய்தான். தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இல்லம்மா," என்றேன். "இந்தத் தடவை அக்காவுக்குக் காய்ச்சல். நான் மட்டும்தான் வர்றேன்."

"அதுக்கென்ன, அவங்க அடுத்த தடவ வரட்டும்," என்றார்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போகிறேன். அன்றைக்குத்தான் எடுப்பு தொடங்குகிறது.

உன் தங்கச்சி