என் பிறந்த நாள் தெரிந்த கடைசி ஆள்

என் அன்புள்ள அப்பாவுக்கு,

திட்டி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. என்ன செய்ய?

நேற்று உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. திருத்தங்கல் வீட்டில் சின்னம்மா எனக்கும் ஓர் இலை போட்டார்கள். சாப்பிட்டேன். கோபத்தைச் சோற்றின் மேல் காட்டக்கூடாது என்பது அம்மா வளர்த்த வளர்ப்பு.

நான் பிறந்தது ஆடி கடைசி வெள்ளி. நீங்கள் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு அக்கினிச் சட்டி எடுக்கப் போயிருந்தீர்கள். சேதி கேட்டு ஆமத்தூருக்கு ஓடி வந்து, திருநீற்றுக் கையோடு என்னைத் தூக்கி, மாரீஸ்வரி என்று பேர் வைத்தீர்களாம். வீட்டுப் பிரசவம். யாரும் போய்ப் பதியவில்லை.

நாலு வயது நிறையுமுன்னே என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தீர்கள். அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போக வேண்டும், என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொன்னார் டீச்சர். எட்டவில்லை. நீங்கள் என் தலையைச் சாய்த்துப் பிடித்து எட்ட வைத்தீர்கள். ஐந்து வயது கணக்கு வருகிற மாதிரி ஒரு மே மாதத் தேதியையும் சொன்னீர்கள். என் வயதில் ஒரு வருடமும் சில மாதங்களும் கூடிப்போயின. நம் பக்கம் பாதி வீடுகளில் செய்ததுதான். அதில் எனக்குக் குறையே இல்லை.

பதிமூன்று வருடம் கழித்து அதே தேதியைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனீர்களே, அதுதான் குறை.

எனக்கு எட்டு வயதாகும்போது எங்களை விட்டுச் சின்னம்மாவோடு திருத்தங்கலுக்குப் போனீர்கள். மகளுக்கு மாதாமாதம் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று விருதுநகரில் தீர்ப்பானது. கொடுத்தீர்கள். இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஒன்றாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்த நான் பிளஸ் டூ பரீட்சை முடித்த கையோடு, மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, இனி தர வேண்டியதில்லை என்று மனுப் போட்டீர்கள். பள்ளிக்கூடச் சான்றிதழின் நகலையும் வைத்திருந்தீர்கள். எனக்கு அன்றைக்குப் பதினாறேமுக்கால் வயது.

அம்மா கூண்டுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்: "அய்யா, இவ ஆடி கடைசி வெள்ளிக்குப் பொறந்தவ. அதுக்குத்தான் மாரீஸ்வரின்னு பேரு வச்சோம். பள்ளிக்கூடத்துல வயசக் கூட்டிச் சொன்னதே இவுகதான்யா. இவுககிட்டயே கேளுங்க."

நீதிபதி கேட்கவும் செய்தார். "சொல்லுங்க, பொண்ணு எப்ப பொறந்தது?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்! ஒப்புக்கொள்ளப் போகிறீர்கள் என்றே நம்பினேன்.

"சர்டிபிகேட்டுல என்ன இருக்கோ அதுதான்யா."

ஊருக்கெல்லாம் தேதி காலண்டர் அடித்துக் கொடுக்கும் பிரஸ்ஸில் ஆயுசு முழுக்க மிஷின் ஓட்டிய மனுஷன் நீங்கள். சொந்த மகளின் தேதி வாயில் வரவில்லை. தீர்ப்பு உங்கள் பக்கமானது, அன்றோடு பணமும் நின்றது.

கல்யாணம் ஆகாத மகளுக்கு வேறு சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றார் வக்கீல். அம்மாவுக்கு இன்னொரு தடவை அந்தப் படி ஏறத் தெம்பில்லை. "பெத்தவுகளே பொறந்த நாள இல்லைன்னுட்டாக. இனி யாருகிட்டப் போயிக் கேக்க?" என்றாள்.

இன்னொன்று தெரியுமா உங்களுக்கு? பட்டாசுக் கம்பெனியில் பதினெட்டு ஆகாதவர்களை எடுக்கக்கூடாது. என்னை எடுத்தார்கள். போர்மேன் சான்றிதழைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் சான்றிதழைப் பார்த்தார். "நாளைக்கு வந்துரு" என்றார். நர்ஸிங் படிக்க ஆசைப்பட்டவள் இரண்டு வருடம் வெடிமருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்காவது வெடிச் சத்தம் கேட்டால், அம்மா செருப்புக்கூடப் போடாமல் என் கம்பெனி வாசலுக்கு ஓடி வருவாள். அப்போதெல்லாம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

பிறகு எப்படியோ படித்தேன், நர்ஸ் ஆனேன். அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். நான் என்றைக்குப் பிறந்தேன் என்று தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான் மிச்சம். போன மாதம் என் வார்டிலேயே வந்து படுத்தீர்கள். உங்களுக்கு உடம்பு துடைத்துவிட்டேன், கஞ்சி புகட்டினேன். பிறந்த தேதியைத் திருத்துவதற்கு, பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டிய பத்திரத்தையும் எழுதி வாங்கி வந்தேன்.

"அப்பா, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நான் என்னைக்குப் பொறந்தேன்னு மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க."

"இப்ப அது எதுக்குத் தாயி? கோர்ட்டுல பொய் சொன்னேன்னு ஆயிரும்லா."

"ஆகட்டும்ப்பா. சொன்னீகள்லா?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். மறுநாளும் கேட்டேன். அதற்கு அடுத்த நாள் கேட்பதற்கு நீங்கள் இல்லை.

பத்திரம் அப்படியே என் பையில் கிடக்கிறது. இனி நான் பிறந்த நாளுக்குச் சாட்சி சொல்ல யாருமில்லை. காகிதம் சொல்கிற வயதிலேயே நானும் சாக வேண்டியதுதான். உங்களை மன்னிக்க மனசு வரவில்லை அப்பா. என்றைக்காவது வருமா, அதுவும் தெரியவில்லை.

உங்கள் இறப்பைப் பதிய நான்தான் போனேன். நாளும் மணியும் பிசகாமல் சொன்னேன். வருடா வருடம் அதே நாளில் உங்களுக்குப் படைப்பேன். எந்தக் கோர்ட்டில் நிறுத்திக் கேட்டாலும், எனக்கு எவ்வளவு நஷ்டம் வந்தாலும், நீங்கள் செத்த நாளை மாற்றிச் சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மூத்த மகள்,
மாரீஸ்வரி